மூன்று வோல்ட் சாட்சி

அல்லிநகரத்தில் சோலார் வேலி சர்வீஸ் கடை வைத்திருந்தபோது நடந்தது இது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, வெட்கம்தான் காரணம்.

மயிலாடும்பாறைப் பக்கம் ஒரு தோட்டம். வேலி இருந்தும் காட்டுப்பன்றி புகுந்து நிலக்கடலையைப் பாதி அழித்துவிட்டது. வேலிக்கு ஷாக் கொடுக்கும் பெட்டியைத் திறந்தேன். டிக், டிக் என்று ஒழுங்காகத்தான் அடித்தது. உள்ளே ஐந்நூறு வோல்ட்டைத் திரும்ப ஓடவிடாமல் மறிக்க ஒரு டயோடு உண்டு. அதைக் கழற்றி மீட்டரில் வைத்தேன். ஒரு பக்கம் கரண்டை விட்டது, திருப்பி வைத்தால் விடவில்லை. நல்ல டயோடு என்று முடிவு கட்டினேன்.

"அப்புறம் எப்படிப் பன்னி வந்துச்சு?" என்றார் தோட்டத்து முதலாளி.

தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இருபது வருஷ சர்வீஸ் என்கிற கொழுப்பு. காவலுக்கு இருந்த ஆரோக்கியம் என்பவரின் குடிசையில் நாலு ஆடுகள் கட்டியிருந்தன.

"ஆட்டுக்கு ஷாக் அடிக்கும்னு ஆஃப் பண்ணி வச்சிருப்பாக" என்றேன்.

"நான் தொடவே இல்லண்ணே, மாதா சத்தியமா!" என்றார் ஆரோக்கியம்.

அவர் முகத்துக்கு நேரே மீட்டரை நீட்டி, "மிஷின் பொய் சொல்லாது" என்றேன். அவர் மனைவி பார்த்துக்கொண்டு நின்றார். அன்றே இருவரையும் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வாரம் மறுபடி பன்றி. பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்து, அதே டயோடுக்குத் தலைகீழாக வோல்ட்டை ஏற்றிக்கொண்டே போனேன். நூறைத் தொடுமுன் கரண்ட் பின்பக்கமாகக் கசிந்தது; வேலிக்குப் போகவேண்டிய ஷாக் பெட்டிக்குள்ளேயே வீணாகியிருக்கிறது. மீட்டர் கொடுப்பது வெறும் மூன்று வோல்ட். அதைத் தாங்குவதை வைத்து ஐந்நூறையும் தாங்கும் என்று சொல்லியிருக்கிறேன். தொழிலுக்கு வருகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: வேலை செய்கிற வோல்ட்டில் சோதிக்காத டயோடை நல்லது என்று சொல்லாதீர்கள்.

முதலாளியிடம் சொன்னேன். "விடுங்க, வேற ஆளு வச்சாச்சு" என்றார்.

விசாரித்துக்கொண்டு போனேன். லோயர் கேம்ப் என்கிற ஊரில் ஒரு ஹோட்டலில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார் ஆரோக்கியம். மன்னிப்புக் கேட்டேன். குடத்தை இறக்கி வைத்தார்.

"எங்கிட்ட எதுக்குண்ணே? எனக்குத்தான் தெரியுமே. எம் பொண்டாட்டிகிட்டச் சொல்லுங்க. அவ இன்னமும் நாந்தான் ஆஃப் பண்ணுனேன்னு நெனைக்கிறா. ஆட்டையெல்லாம் வித்துப்புட்டா."

பின்கட்டில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த அந்த அம்மாவிடம் டயோடைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டயோடைப் பார்க்கவில்லை.

"இப்பவும் மிஷின்தான் சொல்லுதா?" என்று கேட்டார்.

"இல்லத்தா. அன்னைக்கும் மிஷின் ஒண்ணும் சொல்லல. நாந்தான் சொன்னேன்."