அம்மா ஏன் தண்ணீர் குடிப்பதில்லை

காலையில் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் பஸ் ஏறியதுமே அம்மாவின் வீடியோ கால். அப்பாவும் அவளும் தம்பி குடும்பத்தோடு நியூசிலாந்தில், படுக்கையும் டாய்லெட்டும் உள்ளேயே இருக்கிற கேம்பர்வேனில் சுற்றுகிறார்கள். கிளம்பி மூன்று நாள்தான் ஆகிறது.

அம்மாவின் உதடு வெடித்திருந்தது.

"தண்ணி குடிக்கிறியாம்மா?"

குரலைத் தாழ்த்தினாள். "குடிச்சா போவணும். அந்த டாய்லெட்டுக்கு அடியில ஒரு பொட்டி இருக்குது. ரொம்புனா உன் தம்பிதான் தூக்கினு போய் கொட்டறான். பெத்த புள்ளைய அத தூக்க வெச்சிட்டு எப்பிடிடி குடிக்கறது?"

சுகர் மாத்திரை போடுகிறவள். எனக்குப் பதறியது. கண்டக்டர் "முந்தே ஹோகி", முன்னால் போங்க என்று அதட்டியபோதும் நகரத் தோன்றவில்லை.

"அவன்கிட்ட சொல்லிடாத. ஆசையா கூட்டினு வந்திருக்கான்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

உடனே தம்பி மனைவி ரேவதியைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொல்லி, எப்படியாவது அம்மாவைக் குடிக்க வை என்றேன்.

ரேவதியும் குரலைத் தாழ்த்தினாள்.

"நானும் சரியா குடிக்கல அண்ணி. அந்தக் கதவ ஒட்டித்தான் மாமா உக்காந்திருக்காரு. உள்ள போனா சத்தமெல்லாம் வெளிய கேக்குது."

இப்போது ஆபீஸில் இருக்கிறேன். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தம்பி ஒரு வீடியோ போட்டிருக்கிறான். வேனின் தண்ணீர் டேங்கைத் தட்டிக் காட்டி, "இன்னும் முக்கால்வாசி அப்படியே இருக்கு. பெங்களூர்க்காரங்களுக்கு சிக்கனம் சொல்லித் தரணுமா" என்று சிரிக்கிறான்.

அப்பா அதற்குக் கட்டைவிரல் போட்டிருக்கிறார்.

நான் என்ன போடட்டும்?