அழுத்திப் பிடித்த அளவு

என் அக்கா புருஷனுக்கு ஆய்வுக்கூடத்தில் 'எலி மாப்பிள்ளை' என்று பெயர். இருபத்திரண்டு வருடம் வெள்ளை எலிகளோடு குடித்தனம் நடத்தியவர். கூண்டு கழுவுவார், மருந்து புகட்டுவார். வாரம் இரண்டு தடவை, ஒவ்வொரு எலியின் விலாவிலும் வளரவிட்டிருக்கும் புற்றுக்கட்டியை வெர்னியர் அளவுகோலின் தாடைகளுக்கு நடுவே பிடித்து அளந்து எழுதுவார். கட்டி பதினைந்து மில்லிமீட்டரைத் தொட்டால் அன்றைக்கே அந்த எலியை வாயுப் பெட்டிக்குள் வைத்துக் கொல்ல வேண்டும். அதுவும் அவர் வேலைதான். அப்படிப்பட்ட நாளில் வீட்டில் சாப்பிட மாட்டார். "என்ன, உங்க சொந்தத்துல துக்கமா?" என்று அக்கா வாருவாள்.

போன வருடம் அக்கா கழுத்தில் கட்டி வந்தது. அறுத்தார்கள், கதிர் கொடுத்தார்கள். திரும்பி வந்தது. மாத்திரைதான் ஏதோ இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

"புது மருந்து ஒண்ணை மனுஷங்களுக்குக் குடுத்துப் பாக்கறாங்க. எலிங்ககிட்ட நல்லா வேலை செஞ்சிருக்கு. பழைய மாத்திரையை விட்டாத்தான் சேர முடியும்" என்றார் டாக்டர்.

தாளில் மருந்தின் குறியீட்டு எண்ணைப் பார்த்ததும் மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம மருந்துடா! என் கையால புகட்டினது!" என்றார். அவர் பேச்சை நம்பித்தான் அக்கா கையெழுத்துப் போட்டாள்.

மூன்றாவது மாத ஸ்கேனில் கட்டி இரண்டு மடங்காகியிருந்தது. ஆஸ்பத்திரி நடையில் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் அழுத்திட்டேன்டா."

"எதை?"

"கட்டி மெத்துனு இருக்கும். அளவுகோலைக் கொஞ்சம் அழுத்தினா பதினஞ்சு பதினாலாயிடும். மருந்து குடுத்த கூண்டு எலிங்க என் கையைப் பாத்தா ஓடி வரும். கொல்ல மனசு வரல. ரெண்டு நாள் இருந்துட்டுப் போகட்டும்னு..."

"மருந்து குடுக்காத கூண்டு?"

"அதுக்குத் தீனி போட்டுப் பழகினது வேற ஆள். நான் அளக்க மட்டுந்தான் போவேன். அதெல்லாம் சரியாத்தான் அளந்தேன்."

அப்படியென்றால் மருந்து கொடுத்த எலிகளின் கட்டி மட்டும் கணக்கில் சிறுத்திருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அங்கேயே அறைந்திருப்பேன். மறுநாள் அவரே போய் ஆய்வுக்கூடத்துத் தலைமை விஞ்ஞானி அம்மாவிடம் சொன்னார். அந்த அம்மா அளவு எழுதிய நோட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். "எலிக்குக் கேக்கற மருந்து மனுஷனுக்குக் கேக்காமப் போறது சகஜம். உங்களால ஆச்சா, அதனால ஆச்சான்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது" என்றாராம். அதைவிடத் திட்டியிருக்கலாம். அக்காவிடம் நாங்கள் வாயே திறக்கவில்லை.

நேற்றுப் போயிருந்தேன். அக்காவுக்குக் குரலே எழும்பவில்லை.

"எலிக்கெல்லாம் அளந்தீங்களே, எனக்கு ஒரு தடவை அளந்து சொல்லுங்க. குறைஞ்ச மாதிரி இருக்கு."

மாமா பையிலிருந்து அளவுகோலை எடுத்தார். தாடைகள் அவள் கழுத்துத் தோலுக்குள் அமுங்குவதை நான் பார்த்தேன். வலியில் முகம் சுளித்தாள்.

"எவ்வளவு?"

"முப்பது."

"டாக்டர் முப்பத்தஞ்சுன்னாரே!" அக்கா என்னைப் பார்த்தாள். "நீ பாத்துச் சொல்லுடா."

நான் குனிந்து பார்த்தேன்.

"முப்பதுதான்க்கா" என்றேன்.