அக்காவின் பாஸ்வேர்டுக்கு முக்காடு

அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. டிப்ளமோவைப் பாதியில் விட்டவன்தான்; ஆனால் எக்செல்லில் மேக்ரோ எழுத வரும், யூடியூப்தான் வாத்தியார். எங்கள் குவாலிட்டி அக்கா சரக்கைச் சோதித்து ஓகே கொடுக்கும் ஃபாரமும் நான் செய்ததே. அக்கா பாஸ்வேர்டு தட்டினால்தான் சரக்கு கேட்டைத் தாண்டும்.

தட்டுவது திரையில் பளிச்சென்று தெரியும். ஒருநாள் மரை தேய்ந்ததென்று அக்கா சிவப்பு ட்ரேயில் ஒதுக்கிய சரக்கு, அக்கா பாஸ்வேர்டிலேயே ஓகே ஆகி வெளியே போய்த் திரும்பி வந்தது. இன்னொரு தடவை இப்படி ஆனால் வீட்டோடு இருந்துகொள்ளலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

"சத்தியமா நான் தட்டலடா. எவனோ பின்னால நின்னு பாத்துகினு கீறான்."

"அழுவாதக்கா. நான் இன்னாத்துக்கு கீறேன்?"

ஃபாரத்தில் அந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் பக்கத்தில் ஒரு பட்டியல் வரும். அதில், தட்டும் எழுத்தை மறைக்கும் 'பாஸ்வேர்ட்கேர்' என்ற இடத்தில் ஒரு நட்சத்திரம் போட்டேன். அவ்வளவுதான் வேலை. அதற்கு ஒரு டீயும் சமோசாவும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அக்கா தட்டிப் பார்த்தார். "இன்னாடா, பூப்பூவா வருது?"

"உள்ள உன் எழுத்துதான்க்கா. மேல முக்காடு போட்டுகீது."

அப்புறம் தண்ணீர் கேன் பக்கம் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். அவர் தட்டி முடித்ததும் வந்து உட்கார்ந்து, அவர் கண்முன்னாலேயே அதே ஃபாரத்தைத் திறந்தேன்.

"டேய்! உனக்கு எப்படிடா தெரியும்?"

"நீதான்க்கா சொன்ன."

ஒற்றை விரலால் தட்டும் அக்கா, ஒவ்வொரு எழுத்தையும் உரக்கச் சொல்லிக்கொண்டேதான் தட்டுவார். பக்கத்து மெஷின்வரை கேட்கும். வாயை மூடச் சொன்னால் விரல் நின்றுவிடுகிறது.

"வாய் சொன்னாத்தான்டா கை போவும். என் வேலை போச்சு."

எனக்குப் பொறி தட்டியது. ஆவடியில் வேலை செய்யும் கணவரை அக்கா "எங்க ஊட்டுக்காரர்" என்பாரே தவிர, பெயரைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. கூரியர்காரர் கேட்டபோதுகூட, ஆதார் கார்டில் இருந்த பெயரைத்தான் விரலால் காட்டினார்.

காதருகே குனிந்தேன். "மாமா பேரை வெச்சுக்கோ. அதுக்கு வாய் தொறந்தா நான் வேலைய உட்டுடறேன்."

"ச்சீ, போடா!"

ஆனால் வைத்தார். நான் திரும்பி நின்றேன். முதல் எழுத்திலேயே உதடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும், சத்தமே இல்லை. விரல் தயங்கித் தயங்கிப் போகும் டொக் டொக் மட்டும் கேட்டது. ஃபாரத்துக்குப் பின்னாலிருக்கும் மேக்ரோவைத் திறந்தால் அந்தப் பெயர் எனக்குத் தெரிந்துவிடும். திறக்கவில்லை.

அடுத்த வாரம் மெஷின்காரன் ஒருவன் என் தோளில் கைபோட்டான். "மாமே, அக்கா பாஸ்வேர்டு மாத்திச்சா? பழசு போட்டா உள்ள உடமாட்டேங்குது."

ஆள் தானாகவே வந்து மாட்டினான். மேனேஜரிடம் சொல்வதற்குமுன் கொஞ்சம் விளையாடலாம் என்று தோன்றியது.

"அக்காவையே கேளு மச்சான். அது மட்டும் வாயத் தொறந்து சொல்லிச்சுன்னா, உனக்கு நான் பிரியாணி வாங்கித் தரேன்."

நம்பிப் போய்க் கேட்டான். அக்கா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டார். சிவப்பு ட்ரே, ஒதுக்கிய சரக்கோடு அவர் காலடியிலேயே இருந்தது.