முனியாண்டி சாமியின் பழங்கள்

மூவார் நகரிலிருந்து காரோட்டி வந்து இந்த மலைப் பூங்காவின் வாசலில் இறங்கியதும், யாரோ உரித்த பிசாங் மாஸ் வாழைப்பழத்தின் வாசம் மூக்கில் ஏறியது. இப்போது கார்கள் நிற்கும் இடத்தில்தான் எங்கள் ரப்பர் தோட்டத்தின் தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் இருந்தது. விடியலில் மலையிலிருந்து இருவாச்சிகள் இறங்கிவரும் சிறகோசை கேட்கும்போது அப்பா பால்மரம் வெட்டிப் பாலெடுக்கக் கிளம்பிக்கொண்டிருப்பார். லயத்து முனையில் முனியாண்டி சாமிக்கு வெள்ளிதோறும் படைக்கும் பழங்களைக் குரங்குகள் வந்து தின்றால் சாமியே ஏற்றுக்கொண்டதாக நம்பியதால், அவற்றை யாரும் விரட்ட மாட்டோம். அதிலும் காது கிழிந்த கிழட்டுக் குரங்கு ஒன்று என் கையிலிருந்தே பழம் வாங்கும். அதன் விரல்கள் அப்பாவின் விரல்களைப்போலச் சொரசொரவென்றிருக்கும்.

நாளடைவில் குரங்குகள் வீட்டுக்குள் புகுந்து சோற்றுப்பானையை உருட்டத் தொடங்கவே, துப்பாக்கியோடு ஆட்கள் வந்தார்கள். மற்ற குரங்குகள் மரத்துக்குத் தாவின. காது கிழிந்தது மட்டும் துப்பாக்கிக்காரரிடம் நடந்துபோய்க் கையை நீட்டியது.

"ஏம்ப்பா அது ஓடல?"

"நாமதானே பழக்கி வச்சோம்" என்றார் அப்பா. அதன்பிறகு அவர் சாமிக்குப் பழம் வைக்கவேயில்லை.

குரங்குகளுக்குத் தீனி போடக்கூடாது என்று மலாயில் எழுதிய பலகையின் கீழே, இன்று ஒரு சிறுமி பழத்தை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"குடுக்காதம்மா."

"பாவம்லா அங்கிள், பசிக்குது அதுக்கு."

அவளருகே வந்த குட்டிக் குரங்கு, பயமே இல்லாமல் வாங்கிக்கொண்டது.