அத்தை பார்த்த குடை

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு கறுப்புக் குடை தொங்குகிறது. துணி நைந்து, கைப்பிடியும் ஆட்டம் கண்டுவிட்டது. பிள்ளைகள் எத்தனை முறை சொல்லியும் நான் அதை எறியவில்லை. என் கல்யாணத்தை முடிவு செய்ததே அந்தக் குடைதான்.

அப்பாவின் அக்காவான என் அத்தை கண்டியில் எங்களோடுதான் இருந்தார். ஆட்களை எடைபோடுவதில் கெட்டிக்காரி. "கோபமே வராதவனத் தேடாதீங்க. கோபம் வந்தாலும் நேரத்துக்குச் சாப்பிட வர்றவனத் தேடுங்க" என்பார். பக்கத்து வீட்டுக்காரரைப் பெரிய பக்திமான் என்று யாரோ புகழ்ந்தபோது, "அவரு வந்தா அவுங்க வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில போயிருதே" என்றார். அதன் பிறகு அந்த மனிதரைப் பார்க்கும்போதெல்லாம் என்னால் சிரிப்பை அடக்க முடிந்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் கெலிஓயாவிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அன்று அடைமழை. கடை வைத்திருந்த மாப்பிள்ளை, சொட்டச் சொட்டக் குடையோடு உள்ளே வந்து அதைத் தான் உட்கார்ந்த கதிரையில் சாய்த்துவிட்டுத் தன் வியாபாரப் பெருமையைப் பேச ஆரம்பித்தார். அப்பா மயங்கிப்போனார். எனக்கோ ஒரே கவலை: இந்தப் பேச்சை ஆயுள் முழுக்கக் கேட்க வேண்டுமே! துணைக்கு வந்த அவருடைய சித்தப்பா மகன் மட்டும் வாசலிலேயே நின்று குடையை உதறினார், உதறிக்கொண்டே இருந்தார்.

அவர்கள் போனதும் அத்தை அப்பாவிடம் சொன்னார்: "உள்ள வந்தவரு வேணாம் தம்பி. வாசல்ல நின்னவரக் கேளு. தரையத் தொடைக்கிறவள நெனச்சுப் பாக்குற மனுசன் அவருதான்."

வீட்டில் பெரிய ரகளை. கடைசியில் அப்பா என்னையே கேட்டார். நான் அத்தை பக்கம் என்றேன்.

கல்யாணமான பிறகு என் வீட்டுக்காரர் உண்மையைச் சொன்னார். அன்று அவர் யாரையும் நினைத்துப் பார்க்கவில்லையாம். கம்பி சிக்கிக் குடை மடங்கவில்லை, விரித்த குடையோடு உள்ளே வர வெட்கமாம்! அத்தையை ஒரு நாளாவது வாயடைக்க வைக்கலாம் என்று சந்தோஷமாக ஓடினேன்.

அத்தை அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"அம்புட்டு நேரமும் குடைய ஒரு வார்த்தை திட்டினாரா?"

"இல்ல அத்த."

"அதத்தான் நான் பாத்தேன்."

உண்மையிலேயே பார்த்தாரா, அந்த நேரத்துக்குச் சமாளித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நேற்றும் மழை. என் வீட்டுக்காரர் பிடிவாதமாக அதே குடையை எடுத்துப்போய், திரும்பி வந்து வாசலில் நின்று கம்பியோடு மல்லுக்கட்டினார். முகம் சிவந்தது, ஆனால் வாய் திறக்கவில்லை. சோறு ஆறுவதற்கு முன்னால் சாப்பிட வந்து உட்கார்ந்துவிட்டார்.