படுக்க வைக்கக் கூடாத சூலம்

எங்கள் பக்கமெல்லாம் தட்டையான பூமி. ஏரி, ஏரிக்குக் கீழே கழனி, கழனி முடிந்தால் அடுத்த ஏரி. சேரப்பணஞ்சேரியில் நின்று நாலு திசையும் பார்த்தால் கண்ணை மறிக்க ஒன்றும் கிடையாது. அதனாலோ என்னவோ, மலை என்று யாராவது சொன்னாலே எனக்குக் கால் பரபரக்கும். திருக்கழுக்குன்றம் ஏறினேன். சோளிங்கர் ஏறினேன். திருப்பதிக்கு நடந்தே போனேன். ஒரு மலையை விட்டு இறங்கும்போதே அடுத்தது எது என்று மனசு கேட்க ஆரம்பித்துவிடும்.

"சாமி உங்கள வான்னு கூப்புடுதா, இல்ல நீங்களா போய்த் தொல்லை குடுக்கிறீங்களா?" என்று என் சம்சாரம் கேட்பாள். நான் அடுத்த மலைக்குப் பையை எடுத்து வைப்பேன்.

தொண்ணூற்றொன்றில் நான் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் இருந்தேன். தகட்டை வைக்கணும், அழுத்தணும், எடுக்கணும். மறுபடி வைக்கணும். எட்டாவது படித்தவனுக்கு அது நல்ல வேலைதான். என் சம்சாரத்தின் தம்பியையும் நான்தான் சொல்லி அதே ஷாப்பில் சேர்த்துவிட்டேன். வாய்க்காரன், ஆனால் வேலையில் கெட்டி. அந்த வருஷம் பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் மிஷின் அவன் வலது கையின் மேல் இறங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். வெளியே எனக்கு நிற்கவும் முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை. அப்போதுதான் அந்த வேண்டுதல் என் வாயில் வந்தது. "மல்லிகார்ஜுனா, என் மச்சானுக்குக் கை தப்பிச்சா, அவன் கையாலயே உன் மலை உச்சிக்குச் சூலம் கொண்டாந்து நிறுத்தறேன்." போளூருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பர்வதமலையைத்தான் சொல்கிறேன். அதுவரை நான் அங்கே போனதில்லை. போய் வந்தவர்கள் சொல்லக் கேட்டதுதான். உச்சியில் கோயில், அங்கே நம் கையாலேயே சாமிக்குப் பால் ஊற்றலாம், வழியில் பாறையைப் பிடித்து ஏறச் சங்கிலி இருக்கும் என்றார்கள். மாடிப்படிக்குக் கைப்பிடி இருக்கிற மாதிரி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சாமி புண்ணியத்தில் அஞ்சு விரலும் தப்பின. ஆனால் மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் உணர்ச்சி இல்லை. கிள்ளினாலும் தெரியாது, சூடு வைத்தாலும் தெரியாது. கை நடுங்கும். "நாளாவட்டத்துல வரலாம், வராமலும் போகலாம், கைக்கு வேலை குடுங்க" என்றார் டாக்டர். கம்பெனியில் அவனை லைனிலிருந்து எடுத்து ஸ்டோரில் உட்காரவைத்தார்கள்.

வேண்டுதலைச் சொன்னபோது அவன் சிரித்தான்.

"உள்ள நான் மயக்கமா கெடக்கசொல்ல, வெளிய நீ என் கைய மலைக்கு எழுதிக் குடுத்துட்டியா மாமா?"

சிரித்தானே தவிர, அந்தக் கையை அவன் வெளியே எடுப்பதே இல்லை. வேட்டி மடிப்பிலோ பேன்ட் பாக்கெட்டிலோ ஒளித்து வைத்துக்கொள்வான். சாப்பாட்டுக்கு ஸ்பூன். கோயிலுக்கு வருவதையும் நிறுத்திவிட்டான். இடது கையில் விபூதி வாங்கக் கூடாது, வலது கையை நீட்டினால் நடுக்கத்தில் பாதி கொட்டிப்போகிறது, எல்லாரும் பார்க்கிறார்கள். "கொட்டுறதுக்கு எதுக்கு வாங்கணும்?" என்றான். அதுதான் என்னைப் போட்டு அரித்தது. விரல் தப்பியது, ஆனால் கை அவனிடம் திரும்பி வரவில்லை.

பங்குனி போனது, சித்திரை போனது. வீட்டில் குழந்தைக்கு ஜுரம் வந்தாலும் எனக்கு அந்தச் சூலம்தான் நினைவுக்கு வரும். கறவை மாட்டுக்குப் பால் வற்றியதும் அதனால்தான், ஓடு உடைந்ததும் அதனால்தான்.

"ஓடு மேல கொரங்கு குதிச்சிது. அதுக்கும் சூலத்துக்கும் இன்னாங்க சம்மந்தம்?" என்றாள் சம்சாரம்.

"கொரங்க அனுப்பினது யாரு?"

"சரி, போய்ட்டு வந்துடுங்க. உங்க தொல்லை தாங்கல."

படப்பையில் ஒரு பட்டறையில் சூலம் அடிக்கச் சொன்னோம். என்னைவிட ஒரு முழம் உயரம். மச்சான் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாமா, நடுவுல வெட்டி மரை போட்டுடலாம். ரெண்டு துண்டா எடுத்துக்கினு போயி மேல திருகிக்கலாம்" என்றான். பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறவனுக்கு அப்படித்தான் தோன்றும். நானும் அதே ஷாப்தான், எனக்கும் தோன்றியிருக்கணும். ஆனால் எனக்கு அந்த நேரத்தில் பக்தி முற்றியிருந்தது. சாமிக்குப் போகிற சாமானில் ஒட்டு இருக்கலாமா? அது ஊனம் ஆகாதா? "ஒரே கம்பியா இருக்கணும்" என்று சொல்லிவிட்டேன்.

ஊர் அம்மன் கோயிலில் வைத்துப் பூசை போட்டு, மூன்று முனையிலும் எலுமிச்சம்பழம் குத்தி, மஞ்சள் துணி சுற்றிக் கொடுத்தார் பூசாரி. கொடுக்கும்போது ஒன்று சொன்னார். "பூசை போட்டாச்சி. இனிமே இத்த நிறுத்துற எடம் வரைக்கும் தரையில படுக்க வைக்கக் கூடாது. யாராவது ஒருத்தர் கை அதுல இருந்துக்கினே இருக்கணும்."

ஆவணியில் ஒரு நாள், பூசை முடிந்த கையோடு கிளம்பினோம். அந்த வருஷம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது உலகத்துக்கே தெரியும், அதை நான் எழுத வேண்டாம். மூன்று மாதம் ஆகியும் எங்கள் பக்கத்து ரோடுகளில் சோதனை நிற்கவில்லை. பையில் தேங்காய் இருந்தால்கூட உருட்டிப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் துணி சுற்றிய ஆளுயர இரும்போடு நாங்கள் போய் ரோட்டில் நின்றோம்.

"இன்னாய்யா அது?"

"சூலங்க."

"அவுரு."

அவிழ்த்தேன். போலீஸ்காரர் மூன்று எலுமிச்சம்பழத்தையும் உற்றுப் பார்த்தார். அப்புறம் ஷூவைக் கழற்றிவிட்டு, சூலத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "போங்க, போங்க" என்றார்.

பஸ்ஸில் அவ்வளவு சுலபமாகப் போகமுடியவில்லை. உள்ளே நிறுத்தினால் கூரை இடித்தது.

"யோவ், டாப்புல போடுய்யா" என்றார் கண்டக்டர்.

"படுக்க வைக்கக் கூடாதுங்க."

"அப்ப சாமிக்கும் ஒரு டிக்கெட் எடு, சீட்டு குடுக்கறேன்."

கடைசியில் மச்சான்தான் வழி சொன்னான். "சாச்சிப் புடிச்சிக்கலாம் மாமா. படுத்தாதான தப்பு? சாஞ்சா இன்னா? நாமளே சாஞ்சிக்கினுதான் போறோம்." காஞ்சிபுரம் வரைக்கும், அங்கிருந்து செய்யாறு, போளூர் வரைக்கும், மாற்றி மாற்றிச் சாய்த்துப் பிடித்தபடியே போய்ச் சேர்ந்தோம். அவன் இடது கையால் மட்டும் பிடித்தான். வலது கை வேட்டி மடிப்பை விட்டு வரவில்லை.

ராத்திரி அடிவாரத்தில் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் சூலத்தைப் பிடித்துக்கொண்டு விழித்திருந்தோம், மறுநாள் விடிந்ததும் மலையேறினோம். முதலில் படி, அப்புறம் மரங்களுக்கு நடுவே கல்லும் வேருமாக ஒரு தடம். மச்சான் சூலத்தைத் தோளில் தாங்கி நிதானமாக வந்தான். என்னால் அப்படி வரமுடியவில்லை. முன்னால் ஓடுவேன், வளைவு தாண்டி உச்சி தெரிகிறதா என்று பார்ப்பேன், திரும்பி அவனிடம் ஓடி வருவேன்.

"மாமா, நீ ஏறுற ஏத்தத்துக்கு இந்நேரம் ரெண்டு மலை ஏறியிருக்கலாம்."

மரங்கள் முடிந்தன. எதிரே மொட்டைப் பாறை. செங்குத்தாக எழுந்து நின்றது. அதில் கடப்பாரைக் கம்பிகளை அடித்து இறக்கியிருந்தார்கள், அதுதான் படி. பக்கத்தில் சங்கிலி. கைப்பிடி என்று நான் நினைத்த சங்கிலி. இரண்டு கையாலும் அதைப் பிடித்துத்தான் உடம்பைத் தூக்கணும். கீழே பார்த்தால் பள்ளம்.

சூலத்தைத் துண்டால் என் முதுகில் கட்டிக்கொண்டு ஏறினேன். நாலைந்து கம்பி ஏறியிருப்பேன், மேலே துருத்திக்கொண்டிருந்த பாறையில் முனை மாட்டி என்னை வெளிப்பக்கம் தள்ளியது. கால் ஒரு தரம் காற்றில் நின்றது. "எறங்கு மாமா! எறங்கு!" என்று மச்சான் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எப்படி இறங்கினேன் என்று தெரியாது.

மேலேயிருந்து இறங்கி வந்த ஒருத்தர் நின்று பார்த்தார். "ஒரே கம்பியா? நடுவுல மரை போட்டு எடுத்தாரக் கூடாதா?"

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

சூலத்தை அங்கே சாத்திவிட்டுப் போகவும் வழியில்லை. பாறையில் காற்று அப்படி அடித்தது. சரிந்தால் கீழே ஏறி வருகிறவர்கள் தலையில்தான் போய் இறங்கும். படுக்க வைக்கவும் கூடாது. யாராவது ஒருத்தர் பிடித்துக்கொண்டு நிற்கணும்.

"நீ போ மாமா. உச்சின்னா உனக்குதான உசுரு. நான் இத்த புடிச்சிக்கினு நிக்கறேன்" என்றான்.

போகத்தான் நினைத்தேன். உள்ளதைச் சொல்கிறேன், சங்கிலியைக் கையில் பிடித்தும்விட்டேன். மேகம் விலகி, மேலே கோயில் இருக்கிற மேடு வெயிலில் தெரிந்தது. அவ்வளவு பக்கம். எத்தனை மலை ஏறினவன், இதுவரை ஒரு மலையிலும் பாதியில் திரும்பாதவன். ஒரு கால் கம்பியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். மச்சான் இடது கையால் சூலத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு நின்றான். கீழேயே நிற்கலாம் என்றதும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்திருந்தது. அந்த நிம்மதிதான் என்னை இறக்கிவிட்டது. மேலே போய் நான் சாமியிடம் என்ன சொல்வேன்? அவன் கையால் என்றுதானே வேண்டினேன்?

இறங்கி வந்து சூலத்தை வாங்கினேன். "நீ போடா."

"எங்க?"

"மேல. சூலம் வரலன்னா போவுது, நீ போயி உன் கையால பால ஊத்து."

"இந்தக் கையாலயா? மாமா, ரெண்டு வெரலு கீதா இல்லியான்னே எனக்குத் தெரியாது. கை சங்கிலிய வுட்டுச்சின்னா?"

"வுடாது."

"நீ இன்னா, எழுதிக் குடுக்கிறியா? அக்காகிட்ட நீ போயி சொல்லுவியா?"

சாமிக்கு ஊற்ற அடிவாரத்தில் வாங்கி வந்த பால் தூக்கை எடுத்து அவன் முதுகில் துண்டால் கட்டினேன். அந்த நேரம் ஏழெட்டுப் பேர் ஒரு கூட்டமாக ஏறி வந்தார்கள். அதில் ஒரு அம்மா, முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, "வாப்பா, எங்க நடுவுல ஏறு. மேல எங்க வூட்டுக்காரரு, கீழ நானு. நீ வுழுந்தா என் மேலதான் வுழணும், நான் வுடுவனா?" என்றாள்.

அவன் என்னை முறைத்தான். அப்புறம் வலது கையை மடிப்பிலிருந்து எடுத்தான்.

பாறை அவர்களை மறைக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு அங்கே நின்ற நேரம் இருக்கிறதே, அதைப்போல ஒன்றை நான் எந்த மலையிலும் பட்டதில்லை. நடக்க முடியாது, உட்கார முடியாது, ஒரு எட்டு நகர்ந்தால் சூலம் ஆடும். குரங்கு ஒன்று வந்து எலுமிச்சம்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அதை விரட்டக்கூடக் கை காலியில்லை. கல் ஒன்று உருண்டு விழுந்த சத்தம் கேட்டால் கழுத்தை நீட்டிப் பள்ளத்தைப் பார்ப்பேன். இறங்கி வருகிற ஒவ்வொருத்தரையும் கேட்டேன். "கட்டம் போட்ட சட்டை, முதுகுல தூக்கு, பார்த்தீங்களா?" "கூட்டத்துல யாரு யாரப் பாக்குறது?" என்று போனார்கள். சிவசிவா என்று சொல்ல ஆரம்பித்தால் நடுவிலேயே என் சம்சாரத்தின் முகம் வந்து நின்றது. அவளுக்கு ஒரே தம்பி. அவனை மிஷினுக்கு அனுப்பியதும் நான், சங்கிலிக்கு அனுப்பியதும் நான். சாமிக்காக அனுப்பினேனா, என் மனசு அடங்குவதற்காக அனுப்பினேனா? மேகம் வந்து மூடியது. விலகியது. மறுபடி மூடியது.

முதலில் அந்த அம்மாவின் குரல்தான் கேட்டது. "காலப் பாத்து வைப்பா, அவசரம் இன்னா?" அப்புறம் கட்டம் போட்ட சட்டை. கடைசிக் கம்பியிலிருந்து குதித்து என் முன்னால் வந்து நின்றான். வலது கையை மூடி வைத்திருந்தான். திறந்தான். உள்ளங்கை தோல் உரிந்து சிவந்திருந்தது. அதன் மேல் விபூதி.

"ஊத்திட்டேன் மாமா. பாதி தரையில போச்சி. மீதி சாமி மேல."

அதைச் சொல்லிவிட்டு அந்தக் கையாலேயே என் நெற்றியில் விபூதியைப் பூசினான். பூசும்போது முகத்தைச் சுளித்தான்.

"இன்னாடா?"

"எரியுது."

"தோலு உரிஞ்சா எரியாதா?"

"அது இல்ல மாமா." சுண்டு விரலைத் தூக்கிக் காட்டினான். "இதுல எரியுது."

நான் சூலத்தை விட்டுவிடப் பார்த்தேன். அவன்தான் பிடித்தான்.

நான் அன்றைக்கு உச்சிக்குப் போகவில்லை. மேகம் இறங்கிவிட்டது. அடிவாரத்து அம்மன் கோயிலில் சூலத்தை நிறுத்தலாமா என்று கேட்டோம். "மேலதான் நிறுத்தறன்னு வேண்டிக்கினேன், தப்பாயிடுமா?" என்றேன். "மலையே சாமிதான்யா. அடியில நட்டா இன்னா, நுனியில நட்டா இன்னா?" என்றார் அங்கிருந்த பூசாரி. மச்சான் குழி பறித்து நட்டான். பூசாரி சொன்னது சரியாகத்தான் இருக்கணும். ஆனாலும் போளூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் திரும்பித் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மேலே எப்படி இருந்தது, வாசல் எந்தப் பக்கம், லிங்கம் என்ன உயரம் என்று அவனைத் துளைத்தெடுத்தேன். அவனுக்கு எதுவும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

செய்யாறு தாண்டியதும் பஸ்ஸில் கூட்டம் குறைந்தது. எனக்குப் பக்கத்தில் சீட்டு காலியானது. அவன் உட்காரவில்லை. மேலே போகிற கம்பியை வலது கையால் பிடித்துக்கொண்டு, அந்த இரண்டு விரலையும் மடக்கி மடக்கிப் பார்த்தபடி நின்றான்.

"உக்காருடா. கை வலிக்கப் போவுது."

"வலிக்குது மாமா" என்றான். "இருக்கட்டும்."