ஒரு கார்டுக்கு ஐந்து முகவரி

பெருந்துறைச் சாயப்பட்டறையில் ஒவ்வொரு பழைய கணினி செத்தபோதும் முதலாளி சென்னகேசவன் ஒன்றையே கேட்டார். "புதுசு வாங்காம ஓட்ட முடியுமுங்களா அன்புமணி?"

"முடியுமுங்க."

செத்ததன் வேலையை மிச்சமிருந்த சர்வரில் ஏற்றுவான், கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் அன்புமணி. அதைக் கூப்பிடும் எண்ணான ஐபி முகவரியையும் சர்வரின் ஒரே நெட்வொர்க் கார்டுக்குக் கொடுத்துவிடுவான். சாய இயந்திரங்கள் தமக்குத் தெரிந்த எண்ணையே கூப்பிடும். பதில் வரும். இப்படி ஒரே கார்டு ஐந்து முகவரிக்கு ஏனென்று கேட்டுக்கொண்டிருந்தது.

கூடுதல் முகவரிகளைக் கட்டளையாக மட்டுமே தட்டியிருந்தான். கோப்பில் எழுதாவிட்டால் சர்வரை அணைத்ததும் அழிந்துவிடும். எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்றே இருந்தான். அந்தப் பெட்டியை யாரும் அணைத்ததில்லை.

வேறு வேலைக்குக் காந்திபுரத்தில் கேட்டுப் பார்த்திருந்தான். வயதைச் சொன்னதும் சிரித்தார்கள். இதை விட்டால் போக்கிடமில்லை.

ஆயுத பூசையன்று முதலாளியம்மா வெங்கடலட்சுமி குங்குமத் தட்டோடு சர்வர் அறைக்கே வந்துவிட்டார். "எல்லா மிசினும் ஓய்வெடுக்குது. இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"ஒரு நிமிசமுங்கம்மா..."

"அன்புமணி அண்ணன் ஊட்டுக்காரிய விட இதுகூடத்தான் குடும்பம் நடத்தறாரும்மா" என்று சிரித்தபடி மகன் சசிதர் சுவிட்சை அணைத்தான். பெட்டியின் நெற்றியில் பொட்டு விழுந்தது.

மறுநாள் ஆலைச் சங்கு ஊதுவதற்குள் நினைவிலிருந்து முகவரிகளைத் தட்டினான் அன்புமணி. முதலில் ஓடட்டும், கோப்பை மத்தியானம் பார்த்துக்கொள்ளலாம். இருப்பதிலேயே பழைய முகவரி ஒன்று விட்டுப்போயிருந்தது. துணி கொதிக்கும் சாயத்தில் இறங்கியபின் இயந்திரம் அந்த எண்ணைக் கூப்பிட்டது. பதிலில்லை. அப்படியே நின்றது.

வயரில் ஓடுவதைக் காட்டும் புரோகிராமைத் திறந்தான். ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது இயந்திரம். அந்த எண்ணைச் சர்வரில் தட்டினான். ஓடியது. அதற்குள் துணி முழுக்கத் திட்டுத் திட்டாகியிருந்தது.

சென்னகேசவன் குரலை உயர்த்தவில்லை. "தப்பா நெனச்சுக்காதீங்க. நாளையிலிருந்து வர வேண்டாமுங்க."

"கோப்புல எழுதி வெச்சுட்டுப் போயிடறனுங்க. ஒரு நிமிசம்."

"தொட்டவரைக்கும் போதுமுங்ணா" என்றான் சசிதர். சர்வர் அறைச் சாவிக்குக் கை நீட்டினான்.

பஸ்ஸுக்கு நின்றபோது போன் அடித்தது. சாயப் பிரிவு மேஸ்திரி கரீம். "அண்ணா, எங்க இருக்கீங்க? சர்வர ஒருக்கா அணைச்சுப் போட்டா எல்லாம் செரியாயிரும்னு சின்னவரு அணைச்சு மறுபடி போட்டாரு. இப்ப ஒண்ணுமே ஓடலீங்க. தொட்டில துணி கெடக்குது."

"வாரேன்" என்று சொல்லிவிட்டான். கால்கள் திரும்பி நடந்தன.

காவலாளி ஐயாசாமி கேட்டைத் திறக்கவில்லை. "உங்கள உள்ள உட வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க. நான் என்னங்க பண்றது?" என்று தரையைப் பார்த்தார்.

போன் மறுபடி அடித்தது. கரீம்தான். அன்புமணி எடுக்கவில்லை. அது நின்றது. மறுபடி அடித்தது.